ராஜிக்குத் தயார்

அந்தக் கூட்டத்துக்கு நான் போனது பருப்பு வாங்கறதுக்கு. இதை எத்தனையோ பேர்கிட்ட சொல்லிப் பாத்தாச்சு, ஒருத்தரும் நம்பினதில்ல. நம்பாதவங்கள்ல ரெண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு நான் பெரிய வீரன், அடக்கத்துல பருப்புங்கறேன். இன்னொரு வகைக்கு நான் சி.ஐ.டி., தப்பிக்கறதுக்காகப் பருப்புங்கறேன். என்னை வெறும் பருப்பு வாங்கப் போனவனா ஏத்துக்கிட்டது என் வீட்டுக்காரி ஒருத்திதான். ஏன்னா லிஸ்ட் எழுதிக் கொடுத்ததே அவதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி நாலஞ்சு வருஷம் ஆயிருந்த சமயம் அது. தெக்கே தமிழ் பேசற தாலுகாவெல்லாம் இங்கேயே இருக்கணுமா, மதராஸ் பக்கம் போகணுமான்னு ஊரெல்லாம் பேச்சு. நான் நாஞ்சில் நாட்டுக்காரன். திருவனந்தபுரத்துல ஒரு சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கு.

நாங்க ரெண்டு தமிழங்க வராந்தாவுல நின்னு காப்பி குடிச்சா, மூணாவதா ஒரு மலையாளி வந்து "எந்தா விசேஷம்?"னு கேப்பான். மூணாவது ஆளும் தமிழனாவே வந்துட்டா இன்னும் மோசம். மூணு பேரும் ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டு, மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவோம். அந்த வருஷங்கள்ல மழையைப் பத்தி நான் பேசின மாதிரி எந்த விவசாயியும் பேசியிருக்க மாட்டான்.

எனக்கு அப்ப முப்பது தாண்டியாச்சு. கல்யாணம் ஸ்திரம், வழுக்கை ஸ்திரம், வேலை மட்டும் அஞ்சு வருஷமா தாற்காலிகம். அடுத்த மாசம் ஸ்திரமாக்கற லிஸ்ட்ல என் பேர் உண்டுன்னு சூப்பிரண்டே சொல்லியிருந்தாரு. அதைக் கேட்ட அன்னிக்கே என் வீட்டுக்காரி எங்கேயோ போயி ஒரு முருங்கைக் கொம்பு வாங்கிட்டு வந்து, கரமனை வாடகை வீட்டுப் பின்சுவத்துல சாத்தி வச்சுட்டா. "நடலியா?"ன்னேன். "ஆர்டர் வரட்டும். நட்டுட்டு விட்டுட்டுப் போகச் சொல்லுதியளா?"ன்னா. கொம்பும் நானும் ஒரே நிலைமையில சுவத்துல சாஞ்சு நின்னோம்.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் லிஸ்டை எடுத்துக்கிட்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். நாங்க வழக்கமா சாமான் வாங்கறது ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி கடையில. போனா கடை பாதி சாத்தியிருக்கு. இங்கே துலா மழைங்கற ஐப்பசி மழை வேற பிடிச்சுக்கிட்டுது. உள்ள மூட்டை தைக்கிறவன் சொன்னான்: "முதலாளி மச்சுல இருக்காரு. கூட்டம் நடக்கு. முடிஞ்சாத்தான் வியாபாரம்."

கடைக்கு மேல அரிசி மூட்டை அடுக்கற பெரிய மச்சு உண்டு. மூட்டையை ஒதுக்கிட்டு பெஞ்சு போட்டிருந்தாங்க. தமிழ்நாட்டுலேருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் பேசறாராம். விஷயம், கலகமும் மனசாட்சியும். அந்தத் தலைப்பைக் கேட்டதும் ஒரு தாற்காலிக குமாஸ்தா மழையில நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு ஓடியிருக்கணும். வீட்டுல பருப்பு இல்ல. ஏறிட்டேன்.

கடைசி பெஞ்சுல, வாசலை ஒட்டி உக்காந்தேன். முதல் வேலையா, இதுல சி.ஐ.டி. யாருன்னு பாத்தேன். அந்த நாள்ல எந்தத் தமிழ்க் கூட்டத்துலயும் ஒருத்தன் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். முன்னால ஒருத்தன் புதுச் செருப்பு போட்டிருந்தான், அவன் ஒண்ணு. குடையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தன், அது ரெண்டு. ஒருத்தர் பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே தலையாட்டிக்கிட்டிருந்தாரு, அவரையும் சேத்துக்கிட்டேன். கால் மணி நேரத்துல ஏழு சி.ஐ.டி.யைக் கண்டுபிடிச்சுட்டேன். எட்டாவதா என்னை மத்தவங்க கண்டுபிடிச்சுக்கிட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

பத்திரிகைக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி போயி நூல் கட்டியிருந்தாரு. உரக்கப் பேசல. பக்கத்து வீட்டுல உக்காந்து பேசற மாதிரிதான்.

"கலகம்னா கல்லெறியறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். கல்லுல யார் பேரும் இல்ல. அதனால அது சுலபம். மொட்டைக் கடுதாசியும் அந்த மாதிரிதான், காகிதத்துல செஞ்ச கல்லு. 'இது சரியில்ல'ன்னு ரெண்டு வரி எழுதி, கீழ நம்ம பேரை எழுதறோம் பாருங்க, அங்கதான் கை நடுங்கும். ஒரு தடவை முதலாளி ஒரு சேதியைப் போடாதேன்னாரு. நான் என் பேரோட போட்டேன். வீரம்னு நினைக்காதீங்க. அன்னிக்கு பூரா எனக்கு வயித்தால போச்சு."

ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சா யாராவது குறிச்சுக்குவாங்களோன்னு பயம். கை தட்ட வேண்டிய இடத்துலயும் அப்படித்தான். முதல்ல தட்டறவன் யாருன்னு எல்லாரும் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தாங்க, அதனால யாரும் தட்டல.

"நாற்காலியை விட்டுக்கொடுக்கலாம்"னாரு. "பேரு புகழை விட்டுக்கொடுக்கலாம். மனசாட்சி விஷயத்துல மட்டும் ராஜிங்கற பேச்சே கிடையாது. ராஜியான மறுநாள் நாம வேற ஆளு."

எனக்கு அது பிடிச்சுப் போச்சு. சட்டைப்பையில பென்சில் இருந்தது. லிஸ்டைத் திருப்பி, பின்னால 'பேர் போட்டு எழுது, ராஜி கிடையாது'ன்னு எழுதினேன். எழுதி முடிச்சு நிமிந்தா, பேச்சு நின்னு போயிருக்கு. பத்திரிகைக்காரர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு என்னையே பாக்கறாரு.

"கடைசியில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கிற ஐயா, பாத்து எழுதிக்கிடுங்க. நான் சொன்னதுக்கு ஜெயிலுக்குப் போயிக்கிடுதேன். சொல்லாததுக்கும் போக வச்சிராதீங்க."

அப்பத்தான் கூட்டம் முதல் தடவையா சிரிச்சுது, கையும் தட்டிச்சு. அத்தனை தலையும் திரும்பிச்சு. என்னோட ஏழு சி.ஐ.டி.யும் என்னைப் பாத்து, 'ஓ, இவன்தானா'ன்னு நிம்மதியா மூச்சு விட்டாங்க. நான் லிஸ்டை அவசரமா மடிச்சுப் பைக்குள்ள சொருகினேன். அதைவிடப் பெரிய ருசு வேற என்ன வேணும்?

கூட்டம் முடிஞ்சு படி இறங்கறப்ப எனக்கு மட்டும் தாராளமா வழி விட்டாங்க. கீழ அண்ணாச்சிகிட்ட லிஸ்டை நீட்டப் போனேன். அவரு காகிதத்தைப் பாக்காம என் மூஞ்சியைப் பாத்து, "இன்னைக்கு வியாபாரம் இல்ல"ன்னாரு. எனக்கு முன்னால நின்னவருக்கு அப்பத்தான் வெல்லம் கட்டிக் கொடுத்திருந்தாரு.

வெறும் பையோட வீடு வந்தேன். "கலகம் பண்ணப் போனியளா, பருப்பு வாங்கப் போனியளா?"ன்னா அவ. ரெண்டும் நடக்கலன்னேன்.

புதன்கிழமை சூப்பிரண்டு கூப்பிட்டாரு. நல்ல மனுஷன். பொடி போடறவர், முப்பது வருஷ சர்வீஸ். மலையாளி, ஆனா என்கிட்ட பேசறப்ப எனக்காகத் தமிழை உதவிக்குக் கூப்பிட்டுக்குவாரு.

"சாலையில ஒரு மீட்டிங்குக்குப் போயோ?"

"மழை பெஞ்சுது சார்."

"மழைய பத்தி அல்ல கேட்டது. ஒரு கடிதம் வந்நிட்டுண்டு. நிங்கள் எழுத்தால ஒரு விளக்கம் தரணும். வெள்ளியாழ்ச்சைக்குள்ள."

கடிதம்னதும் எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. மொட்டைக் கடுதாசி. யாரு எழுதியிருப்பான்னு நாற்காலிக்குத் திரும்பி வர்ற பத்தடி தூரத்துல கண்டுபிடிச்சுட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர்தான். கரமனை அக்ரஹாரம், எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. ஸ்திரமாகற லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு அவருடையது. நான் நழுவினா அவருக்கு ஒரு படி. அன்னிக்குன்னு பாத்து அவரு, "என்ன ஓய், முகம் வாடிக் கிடக்கு?"ன்னு கேட்டாரு. எழுதினவனைத் தவிர வேற யாரு கேப்பா?

வீட்டுல சொன்னேன். அவ சுவத்துல சாத்தின கொம்பை ஒரு பார்வை பாத்தா. அதுல பச்சையா ரெண்டு துளிர் விட்டிருந்தது. "எதுக்கு வீம்பு? பெரியவங்ககிட்ட ராஜியாப் போயிருங்க"ன்னா.

எங்க ஊர்ல ராஜின்னா சமாதானமாப் போறதுன்னு அர்த்தம். நாஞ்சில் நாட்டுல வரப்புத் தகராறு இல்லாத குடும்பம் கிடையாது. எங்க அப்பாவும் சித்தப்பாவும் பதினாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில ராஜி பண்ணிக்கிட்டு, கோர்ட் வாசல்லயே ஒரே தட்டுல வெத்தலை போட்டாங்க. ராஜின்னா எனக்கு அந்த வெத்தலைத் தட்டுதான் ஞாபகம் வரும். பத்திரிகைக்காரர் கூடாதுன்னது அதைத்தான். நான் செய்யத் தீர்மானிச்சதும் அதையேதான். அவருக்குப் போகறதுக்கு ஜெயில் இருந்தது, எனக்கு நடறதுக்கு ஒரு கொம்பு இருந்தது.

விளக்கத்தை மலையாளத்துலதான் எழுதணும். நான் மலையாளம் சரளமா பேசுவேன், எழுதறப்பதான் தகராறு. வழக்கமா பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட காட்டித் திருத்திக்குவேன். எனக்குப் பிழை திருத்தினவர் அவர்தான், அஞ்சு வருஷமா. ஆனா இதை அவர்கிட்ட எப்படிக் காட்டறது? எழுதறப்ப எட்டிப் பாத்தாரு, கையால மறைச்சுக்கிட்டேன். "பரீட்சையா ஓய்?"ன்னு சிரிச்சுட்டுத் திரும்பிக்கிட்டாரு.

மூணே வரி எழுதினேன். கூட்டத்துக்குப் போனது உண்மை. மழை காரணம். மேற்படி விஷயத்தில் ஞான் ராஜிக்கு தய்யாராணு. கீழ என் பேரை முழுசா, அப்பா பேரோட எழுதினேன். பேர் போட்டு எழுதுன்னு அந்த மனுஷன் சொன்னதுல பாதியையாவது கேட்டோமேன்னு ஒரு திருப்தி.

சூப்பிரண்டு வாசிச்சாரு. பொடியை எடுத்த விரல் மூக்குக்குப் பாதி வழியில அப்படியே நின்னுது.

"இது நிங்கள் தன்னே எழுதியதோ?"

"ஆமா சார். யார்கிட்டயும் காட்டல. மனசுல உள்ளது."

"நல்லவண்ணம் ஆலோசிச்சோ?"

"ரெண்டு நாளா அதே ஆலோசனைதான் சார்."

"வேண்டா, ஹே. இதொரு சின்னக் காரியம். ராஜி ஒண்ணும் வேண்டா."

சமாதானமே வேண்டாம்கறாரே, பெரிய தண்டனையா மனசுல வச்சிருக்காரு போலிருக்குன்னு நினைச்சேன். "அப்படிச் சொல்லிராதீங்க சார். ராஜியை விட்டா எனக்கு வேற வழியில்ல. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலைப் பிடிச்சு ராஜி கேக்கிற ஒருத்தனை முப்பது வருஷத்துல ஞான் கண்டிட்டில்ல." அவரு பொடி டப்பியை மூடி வச்சாரு. "வீட்டுல அறிஞ்சோ?"

"அவதான் சார் முதல்ல சொன்னதே. ராஜியாப் போயிருங்கன்னு."

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "பாக்யவான்"னாரு. அப்புறம் காகிதத்தை மேசை டிராயர்ல வச்சுப் பூட்டினாரு. "திங்களாழ்ச்ச வரைக்கும் இது இவிட இரிக்கட்டு. மனசு மாறும்."

என் மனசு எதுக்கு மாறணும்னு எனக்குப் புரியல. அதைவிடப் புரியாதது அதுக்கப்புறம் நடந்தது. பியூன் கேக்காமலே காப்பி கொண்டு வந்து வச்சான். நாலு வருஷமா என்கிட்ட பேசாத டைப்பிஸ்ட் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. வேற செக்ஷன்லேருந்து ரெண்டு பேர் வந்து, வாசல்ல நின்னு என்னைப் பாத்துட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரியில கடைசிக் கட்டத்துல இருக்கறவனைத்தான் அப்படிப் பாப்பாங்க. இத்தனை அன்பு எதுக்கு? சஸ்பெண்ட் ஆர்டர் தயாராயிட்டுதா? அந்தக் காப்பியை நான் குடிக்கல. ஆறட்டும்னு வச்சு, ஆறினதும் ஜன்னல் வழியாக் கொட்டினேன்.

திங்கள்கிழமை காலையில பக்கத்து நாற்காலிக்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

"ஓய், சாயங்காலம் குரூப் போட்டோ எடுக்கறதாப் பேச்சு. சவரம் பண்ணிண்டு வந்திருக்கலாமே."

"எதுக்குப் போட்டோ?"

"உமக்குத்தான். உம்மை நடுவுல உக்காத்தணும்னு சூப்பிரண்டே சொல்லிட்டார்."

"ராஜியானதுக்கா போட்டோ எடுப்பாங்க?"

அவரு என்னை ஒரு நிமிஷம் உத்துப் பாத்தாரு. அப்புறம் குரலை ரொம்பத் தணிச்சு, "ராஜின்னா என்னன்னு நினைச்சுண்டிருக்கேர்?"னாரு.

"சமாதானம். விட்டுக்கொடுத்துப் போறது. வெத்தலை போட்டுக்கிடறது."

"வேலையை விட்டுப் போறதுங்காணும்! ராஜி குடுத்தான்னா ராஜினாமாப் பண்ணிட்டான். அஞ்சு வருஷமா இந்த ஊர்ல என்ன மலையாளம் கேட்டேர்?"

என்னத்தைக் கேட்டேன்? எங்க ஆபீஸ்ல யாரும் வேலையை விட்டதே கிடையாது, அந்த வார்த்தை எப்படிக் காதுல விழும்? பேப்பர்ல பாத்திருக்கேன். மந்திரி ராஜி, மந்திரிசபை ராஜின்னு மலையாளப் பேப்பர்ல அடிக்கடி கொட்டை எழுத்துல போடுவான். சண்டை தீந்துட்டுதாக்கும், இந்த ஊர் மந்திரிகளுக்குத்தான் என்ன பெருந்தன்மைன்னு நினைச்சுக்குவேன். தலைப்பை மட்டும் பாத்துட்டுத் தமிழ்ப் பேப்பருக்குப் போயிடற சம்சாரிக்கு வேற எப்படித் தெரியும்?

"என்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கப்படாதோ?"ன்னாரு. நான் மேசையில கிடந்த காகிதத்தை அடுக்கினேன். அவரே சொன்னாரு: "கடுதாசி எழுதினது நான்தான்னு நினைச்சேர்."

"சேச்சே, அப்படியெல்லாம்..."

"மூஞ்சியில எழுதியிருக்கே. அதுல ஒரு பிழையும் இல்லை. கேளும். கடுதாசி வந்தது தமிழ்ல. சூப்பிரண்டுக்கு வாசிச்சுக் காட்டினதே நான்தான். வெளியில சொல்லப்படாதுன்னு வாக்கு வாங்கிண்டார். நீர் கேட்டிருந்தா அந்த வாக்கை மீறியிருப்பேன். நீர் கேக்கவே இல்லை. எழுந்து போம், டிராயர்லேருந்து அது வெளியில வரதுக்குள்ள."

ஓடினேன். சார், எனக்கு மலையாளம் தெரியாதுன்னு சொல்லிரணும்னு வாயைத் திறந்தபடியே உள்ள போனேன். அதுக்குள்ள சூப்பிரண்டு கையைத் தூக்கி நிறுத்தினாரு.

"ஒண்ணும் பறயண்டா. ஞான் மேல உள்ளவர்கிட்ட வாயால பேசியாச்சு. ஒரு மீட்டிங்குக்குப் போன குமாஸ்தா ராஜி கொடுத்துன்னு வெளியில தெரிஞ்சா, அந்தப் பத்திரிகைக்காரன் விடுமோ? கொட்டை எழுத்துல போடும். அதுகொண்டு ஃபைல் அங்கேயே தீர்ந்து." காகிதத்தை எடுத்து என் கையில வச்சாரு. "கிழிச்சுக் களயு. ஸ்திரமாக்கற லிஸ்ட்ல ஒரு மாற்றமும் இல்ல."

என்கிட்ட ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. சார், நான் கேட்டது அது இல்ல. அதைச் சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்காது, அந்தக் கண்ணாடி துடைச்ச மரியாதை மட்டும் போயிருக்கும். நான் வாயை மூடிக்கிட்டேன். அது மட்டும் இல்ல, லேசாத் தலையைக் குனிஞ்சு, பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறவன் மாதிரி நின்னேன்.

அப்ப அவரு மேசையில விரிச்சிருந்த கடுதாசியை நான் தலைகீழா வாசிச்சேன். சாலைக் கடை அண்ணாச்சியோட கையெழுத்து, பில்லுல பாத்துப் பழக்கம். 'எங்கள் கூட்டத்துக்குத் தங்கள் ஆபீஸிலிருந்து ஒரு வேவுக்காரனை அனுப்பினது அநியாயம். அவன் பேச்சை எழுதிக்கொண்டான். இதை ஆட்சேபிக்கிறோம்.' கீழ பதினோரு பேர், விலாசத்தோட. எல்லாம் கடையும் குடும்பமும் உள்ளவங்க. யாரோ ஒருத்தர் கையெழுத்து அப்படி நடுங்கியிருந்தது. பேர் போட்டு எழுதுன்னு அவரு சொன்னதை அந்த மச்சுல பதினோரு பேர் கேட்டிருக்காங்க. கேட்டு முதல் வேலையா என்னை எதிர்த்திருக்காங்க.

ஆர்டர் வந்தது. அவ முருங்கையை நட்டா. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை, பருப்பு லிஸ்டோட சாலைக்குப் போனேன். என்னைத் தூரத்துல பாத்ததுமே அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. சமாச்சாரம் அதுக்குள்ள சாலை வரைக்கும் வந்திருக்கு.

"மன்னிக்கணும். தப்பா எழுதிட்டோம். மனசாட்சிக்காக வேலையைத் தூக்கி எறிஞ்சியளாமே! அடுத்த மாசம் அந்தப் பத்திரிகைக்கார ஐயா திரும்ப வாராக. நம்ம மச்சுலயே நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும். நான் அவுகளுக்கு எழுதிட்டேன்."

கண்ணாடியில நூல் கட்டின அந்த மனுஷன் முன்னால நான் மேடையில நிக்கறதை நினைச்சுப் பாத்தேன். நேர்மையால சொன்னேன்னு சொல்ல ஆசைதான். பயத்துலதான் சொன்னேன். ராஜி, வெத்தலைத் தட்டு, டிராயர், எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். சாட்சிக்கு அந்தப் பழைய லிஸ்டையும் எடுத்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி சுருக்கி எழுதறவ. து.ப. ரெண்டு, ந.மி. கால், க.ப. நாலு.

அண்ணாச்சி முன்னால அந்தச் சுருக்கெழுத்தையும், பின்னால நான் குறிச்ச பேச்சையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பிடிச்சிருந்த கையை எப்ப விட்டாருன்னு எனக்குத் தெரியல.

"ராஜின்னா என்னன்னு தெரியாம ஒருத்தன் அஞ்சு வருஷம் சர்க்கார் வேலை பாத்தானாம். எழுதிக் கொடுத்த ராஜியை சர்க்கார் திருப்பிக் கொடுத்துதாம். வேலையும் ஸ்திரமாயிட்டுதாம்."

"சத்தியம் அண்ணாச்சி. இது பலசரக்கு லிஸ்ட். து.ப.ன்னா துவரம்பருப்பு."

"என் கடையில துவரம்பருப்பு. உங்க ஆபீஸ்ல என்னவோ?" லிஸ்டை மடிச்சு என் பையில அவரே சொருகினாரு. "இன்னைக்கு வியாபாரம் இல்ல."

அடுத்த மாசக் கூட்டத்துக்கு நான் போகல. அதுலேருந்து எதிர்சாரிக் கடையிலதான் வாங்கறோம். அங்கே அரிசியிலயும் பருப்பிலயும் கல்லு ஜாஸ்தி. சாயங்காலம் அவ முறத்தை மடியில வச்சுக்கிட்டு, முருங்கைக்குப் பக்கத்துல உக்காந்து கல்லு பொறுக்குவா. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடவை என்னை நிமிந்து பாப்பா. நான் மழையைப் பத்தி ஏதாவது சொல்லுவேன்.